குட்டி யானைக்கு ராப் போடப் போகிறீர்களா?

மாம்பழ சீசன் நெருங்கிவிட்டால் கிருஷ்ணகிரியில் ஸ்டிக்கர் கடைக்காரனுக்கு ராத்திரி பகல் கிடையாது. மண்டிக்காரர்கள், கூழ் ஃபேக்டரிக்குக் காய் ஓட்டுகிறவர்கள், ரோட்டோரம் ஜூஸ் கடை போடுகிறவர்கள் என்று ஆளாளுக்குக் குட்டி யானையை (டாடா ஏஸ் வண்டி) ராப் போடக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ராப் என்பது டிசைன் அடித்த வினைல் ஃபிலிமை வண்டிமேல் ஒட்டுவது. போனில் ஒரு பிளக்ஸ் டிசைன் வைத்திருப்பார்கள், கடை திறப்பு விழாவுக்கு அடித்தது. "இதையே வண்டி முழுக்கச் சுத்தி ஒட்டிடு தம்பி." நான் அப்போதே முடியாது என்று சொல்லிவிடுவேன். பிளக்ஸ் கட்டின இடத்தில் நிற்கும், ஆள்தான் அதன் முன்னால் வந்து நின்று படிப்பார். வண்டி ஓடும், கதவு திறக்கும், வெயிலில் காயும், வாட்டர் சர்வீஸில் அடி வாங்கும். அதற்கு டிசைனும் தனி, மெட்டீரியலும் தனி. இதைப் புரியவைக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டிசைன் வேலையை வண்டியைச் சுற்றி வந்துதான் ஆரம்பிக்க வேண்டும். டேப் வைத்து அளந்து, நாலு பக்கமும் நேராக நின்று போட்டோ எடுத்து, கைப்பிடி, கீல், டேங்க் மூடி, ரிஃப்ளெக்டர் எல்லாம் எங்கெங்கே வருகிறது என்று குறித்துக்கொண்டு, அப்புறம்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். நெட்டில் கிடைக்கிற டெம்ப்ளேட் கேபினுக்கு ஓரளவு ஒத்துவரும். லோடு பாடி உள்ளூரில் கட்டியதாக இருந்தால் டெம்ப்ளேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் தாண்டிவிடுகிறது. பக்கவாட்டில் எட்டு வரி எழுதினால் படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? கடை பெயர், என்ன விற்கிறீர்கள், அவ்வளவு போதும். பின்பக்கம் அப்படி இல்லை. சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாயில் மெதுவாக ஏறுகிற நேரத்திலும் கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையிலும் பின்னால் இருக்கிறவர் உங்கள் வண்டியின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். போன் நம்பரை அங்கே போடுங்கள். பெரியதாக, ஒரே ஒரு நம்பர்.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது எழுத்து. நம் ஊர்க் கடைப் பெயர்கள் நீளமானவை. அதை ஒரே வரியில் அடக்க எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கி, கூடவே தடித்த அவுட்லைனும் நிழலும் கொடுத்துவிடுகிறார்கள். ண, ழ, ஞ மாதிரி சுழி உள்ள எழுத்துகளில் அந்த அவுட்லைன் உள்ளே இறங்கி சுழியை அடைத்துவிடும். இருபது அடி தள்ளி நின்று பார்த்தால் ண எது ன எது என்றே தெரியாது. பெயரை இரண்டு வரியாக உடையுங்கள், எழுத்தை அதன் அகலத்திலேயே விடுங்கள், இரண்டு வரிக்கும் நடுவே மேல் வரியின் கூ, ழு கால்களும் கீழ் வரியின் கீ, தீ மேல்சுழிகளும் முட்டிக்கொள்ளாத அளவுக்கு இடைவெளி கொடுங்கள். புள்ளியையும் கவனிக்க வேண்டும். கதவு இடுக்கிலோ கைப்பிடிக்குக் கீழேயோ ஒரு புள்ளி மாட்டிக்கொண்டால் 'ம்' என்பது 'ம' ஆகிவிடும், கடை பெயரே மாறிப்போகும். பிரிண்ட் கொடுக்குமுன் வண்டி போட்டோமேல் டிசைனை வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துவிடுங்கள். பழைய கோரல் டிராவில், யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவுக்கு மாற்றி வேலை செய்கிற கடை என்றால், மாற்றும்போது எழுத்து தவறியிருக்கிறதா என்று வண்டிக்காரரே ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்ப்பது நல்லது.

படம் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும். மாம்பழத்தின் அந்தச் செம்மஞ்சள் போன் திரையில் ஜொலிக்கிற அளவுக்கு பிரிண்டில் வராது. ஒரு சின்னத் துண்டு அடித்து வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு முழுசாக அடிக்கச் சொல்லுங்கள்.

சரி, மெட்டீரியலுக்கு வருவோம். வினைலில் இரண்டு ஜாதி உண்டு. காலண்டர்டு வினைல் என்பது சூடான பிவிசியை உருளைகளுக்கு நடுவே சப்பாத்தி மாதிரி தேய்த்து எடுப்பது, அதனால் பழையபடி சுருங்கப் பார்க்கும் குணம் அதில் தங்கிவிடுகிறது. காஸ்ட் வினைல் திரவமாக ஊற்றிக் காயவைப்பது. தடிமன் சுமார் 50 மைக்ரான்தான் இருக்கும், வளைவில் படிந்து உட்காரும், விலை நன்றாகவே கூடுதல். காசு குறைவு என்றால் வெட்கப்பட வேண்டாம், கதவு, டெயில்கேட் போன்ற தட்டையான இடங்களில் மட்டும் காலண்டர்டு போட்டுக்கொள்ளுங்கள். வளைவும் பள்ளமும் உள்ள இடத்தில் அதைப் போட்டுத் தருகிறேன் என்று சொல்கிற கடைக்குப் போகாதீர்கள்.

"நாளைக்குக் காலையிலேயே வேணும்" என்பதுதான் வழக்கமாக வரும் சண்டை. சால்வென்ட் (கரைப்பான்), எக்கோ சால்வென்ட் கலந்த இங்க்கில் அடித்த பிரிண்ட் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். உள்ளே சால்வென்ட் வெளியேறிக்கொண்டே இருக்கும். குறைந்தது 24 மணி நேரமாவது ரோலைத் தளர்வாக விட்டு ஆறவைத்த பிறகுதான் மேலே லேமினேஷன் போட வேண்டும். அதற்குள் மூடிவிட்டால் சால்வென்ட் உள்ளேயே மாட்டிக்கொண்டு பசையைக் கெடுக்கும், ஓரம் சுருண்டு வரும். லேமினேஷனே வேண்டாம், காசு மிச்சம் என்றால் வெயில் சீக்கிரமே வெளுக்க வைத்துவிடும். டிங்கரிங் முடித்துப் புதுசாக பெயிண்ட் அடித்த வண்டி என்றால் மூன்று நான்கு வாரமாவது விட்டுவிட்டு வாருங்கள்.

ஒட்டுகிற வேலையில் நான் உயிரை விடுவது லோடு பாடியின் பள்ளங்களில்தான். ஷாம்பு தண்ணீரில் கழுவி, ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்து, ஓரங்களில் கிரீஸ் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே ஃபிலிமை எடுப்பேன். ஸ்டிக்கர் எழுத்து ஒட்டுகிற மாதிரி தண்ணீர் அடித்து ஒட்டுவது காற்று வெளியேறும் வரியுள்ள ராப் ஃபிலிமுக்கு ஆகாது, காய்ந்த கையாலேயே ஒட்ட வேண்டும். மேட்டில் முதலில் படியவைத்து, ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டி, கையுறை போட்ட விரலால் பள்ளத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அவசரத்தில் இரண்டு மேட்டுக்கும் நடுவே இழுத்து ஒட்டிவிட்டு ஸ்குவீஜியால் அழுத்தினால் பார்க்க அழகாக இருக்கும், இரண்டு மத்தியான வெயிலில் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் எல்லாம் முடிந்ததும் பள்ளங்களுக்கு மறுபடி 90 டிகிரிக்கு மேல் சூடு கொடுப்பேன். தூக்குவதாக இருந்தால் என் கண் முன்னாலேயே தூக்கட்டும், உடனே சரிசெய்துவிடலாம். பேனல்களைப் பின்னாலிருந்து முன்னால் வரிசையாக ஒட்டிக்கொண்டு வந்தால் முன் பேனல் பின் பேனல்மேல் ஏறி உட்காரும், எதிர்க்காற்று இடுக்கில் நுழையாது.

சித்திரை வைகாசி மத்தியானத்தில் தகடு கை வைக்க முடியாமல் கொதிக்கும், பசை தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். காலையில் நிழலில் செய்வதுதான் சரி. மார்கழியில் ஓசூர்ப் பக்கம் இதற்கு நேர்மாறாக, தகட்டைக் கொஞ்சம் சூடாக்கினால்தான் பிடிக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்பர் பிளேட், லைட், ரிஃப்ளெக்டர் டேப் எதன்மேலும் ஃபிலிம் ஏறக் கூடாது, எஃப்சிக்கு (ஃபிட்னஸ் சான்று) போகும்போது பிரித்து எறிய வேண்டி வரும். வண்டியின் நிறமே மாறுகிற அளவுக்கு ராப் போட்டால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும். கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து எந்த வண்டியின் கண்ணாடியையும் நான் தொடுவதில்லை, யார் கேட்டாலும் இதே பதில்தான்.

ஒட்டி முடித்த வண்டியை இரண்டு மூன்று நாளைக்குத் தண்ணீர் காட்டாதீர்கள். அதற்குப் பிறகும் வாட்டர் சர்வீஸ் பையனிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: தண்ணீர் கன்னை ஓர் அடியாவது தள்ளிப் பிடித்து நேராக அடிக்க வேண்டும், ஓரத்தில் சாய்த்து அடித்தால் தண்ணீர் ஃபிலிமுக்கு அடியில் புகுந்து கிளப்பிவிடும். பழசாகி வெடிக்க ஆரம்பித்தால் தள்ளிப்போடாமல் கழற்றக் கொண்டுவாருங்கள். வெயிலில் மொறுமொறுப்பாகிவிட்ட ஃபிலிம் நகக்கண் அளவு துண்டு துண்டாகத்தான் வரும், அதை எடுக்கிற கூலி புது ராப் கூலியை எட்டிவிடும். வீட்டிலேயே தின்னர் ஊற்றித் தேய்க்க வேண்டாம், பசையோடு சேர்ந்து பெயிண்டும் போய்விடும்.