லிட்டரை நம்பி நாக்கைச் சுட்டுக்கொண்டேன்

மூன்று தடவை சோப்பு போட்டாயிற்று. முதலாவது நாக்கைச் சுட்டது, இரண்டாவது உதிர்ந்தது, மூன்றாவது அலமாரி மேல் பட்டர் பேப்பரில் காய்ந்துகொண்டிருக்கிறது. அது தேறியதா இல்லையா என்று தெரிய இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் எழுதி வைக்காவிட்டால் எண்களெல்லாம் மறந்துபோகும்.

காஸ்டிக் சோடா என்கிற காரம் போட்டுச் செய்கிற சோப்பைச் சொல்கிறேன். கடையில் விற்கிற சோப்புக் கட்டியை உருக்கி, கலரும் வாசனையும் சேர்த்து அச்சில் ஊற்றுவது வேறு, அதில் முக்கியமான வேலையை ஏற்கெனவே யாரோ முடித்திருப்பார்கள். எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பும் கிளிசரினுமாக மாறுவதை என் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஊரில் பாட்டி சோப்பைச் சவுக்காரம் என்பார். அந்தச் சொல்லிலேயே காரம் இருக்கிறது என்பது இத்தனை வயதுக்கு அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

சாமான்களுக்கு அதிகம் அலையவில்லை. காஸ்டிக் சோடாவை பாரிமுனைப் பக்கம் ஒரு கெமிக்கல் கடையில் வாங்கினேன் (சாக்கடை அடைப்பு எடுக்கிற பொடி வேண்டாம், அதில் வேறு என்னென்னவோ கலந்திருக்கும்). எங்கள் வீட்டு போர் தண்ணீர் கடும் உப்பு என்பதால் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு கேன். அச்சுக்கு 1 லிட்டர் ஜூஸ் டப்பா ஒன்றை நீளவாக்கில் வெட்டிக்கொண்டேன். பாத்திரம் எவர்சில்வர். அலுமினியம் கூடவே கூடாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். தண்ணீரில்தான் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். இதைப் பத்து இடத்தில் படித்திருந்தாலும், அடுப்பே இல்லாமல் பாத்திரம் தொட முடியாத அளவுக்குச் சுட்டு, காட்டமாக ஆவி கிளம்பியபோது பால்கனியில் நாலடி பின்னால் போய் நின்றேன். கையில் பட்டால் வினிகரைத் தேடிக்கொண்டிருக்காமல் குழாயைத் திறந்து நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

என் கணக்கு இது: தேங்காய் எண்ணெய் 300, கடலை எண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50, ஆக 500 கிராம். ஒவ்வொரு எண்ணெய்க்கும் வேண்டிய காரம் வேறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம், கடலைக்கு ஏறக்குறைய 0.136, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 81.7 வரும். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சினால்தான் தோலுக்கு நல்லது என்று அதில் 5 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும். காரம் 78 கிராம், தண்ணீர் 155 கிராம்.

கணக்கு சரிதான். காரத்தையும் தண்ணீரையும் தராசில் நிறுத்த நான், எண்ணெயை மட்டும் அளவுக் குவளையில் 300 மில்லி, 150 மில்லி என்று ஊற்றிவிட்டேன். எண்ணெய் பாக்கெட்டில் 1 லிட்டர் என்பதற்குப் பக்கத்திலேயே 910 கிராம் என்று அச்சடித்திருக்கிறார்கள், வருஷக்கணக்காக வாங்குகிறேன், ஒரு நாள் கூடக் கண்ணில் பட்டதில்லை. ஆக, நான் ஊற்றியது கிட்டத்தட்ட 460 கிராம்தான். அதற்கு 75 கிராம் காரமே போதும். மிச்சம் வைக்க நினைத்த எண்ணெய் போய், காரம் 3 கிராம் மிஞ்சிவிட்டது.

இது தெரியாமல் மத்தை வைத்து முக்கால் மணி நேரம் கடைந்தேன். கலவை தோசை மாவு பதத்துக்கு வந்து, கரண்டியால் மேலே ஊற்றினால் கோடு அப்படியே நிற்க வேண்டும், அதுதான் அச்சில் ஊற்றுகிற பதம். தோள்பட்டை விட்டுப்போயிற்று. மறுநாள் கட்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள், காரம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தபடி, ஈர விரலால் சோப்பைத் தேய்த்து விரலை நுனி நாக்கில் லேசாக வைத்தேன். சின்ன வயதில் டிரான்சிஸ்டர் பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அதே சுரீர். வாயைக் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்து யோசித்தபோதுதான் குவளை ஞாபகம் வந்தது.

தூக்கிப் போட மனசில்லை. எல்லாவற்றையும் துருவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, குறைந்துபோன 40 கிராம் தேங்காய் எண்ணெயைச் சேர்த்துக் கிளறினேன். கெட்டிக் கஞ்சி போல ஆயிற்று, திரும்ப அச்சில் அப்பினேன். பார்க்க உப்புமாவை அமுக்கி வைத்த மாதிரிதான் இருக்கும், ஆனால் நாக்கைச் சுடவில்லை. போர் தண்ணீரிலும் நுரைக்கிறது, அது தேங்காய் எண்ணெயின் குணம். அத்தை அதைக் கால்மிதி துவைக்க எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது தடவை எல்லாவற்றையும் தராசிலேயே நிறுத்தேன். மத்துக்குப் பதில் ஹேண்ட் பிளெண்டர், மூன்றே நிமிஷத்தில் பதம் வந்துவிட்டது. அந்த உற்சாகத்தில் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைப் போட்டேன். பளிச்சென்று மஞ்சள் சோப்பு வரும் என்று பார்த்தால், ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்துவிட்டது! மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்று தெரியாமலா இருக்கும், வீட்டில் எத்தனை தடவை ஆரத்தி கரைத்திருக்கிறேன், இங்கே அது தோன்றவேயில்லை. நிறம் போகட்டும். அன்று மாலை ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய், ஒன்றரை நாள் கழித்துத் திரும்பினேன். தேங்காய் எண்ணெய் அதிகம் போட்ட சோப்பு சீக்கிரம் இறுகிவிடும், கொஞ்சம் மெத்தென்று இருக்கும்போதே வெட்டிவிட வேண்டுமாம். நான் கத்தி வைத்தபோது கடலை மிட்டாய் மாதிரி உடைந்தது. துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஐந்து வாரம் கழித்து அதில் ஒன்றைப் போட்டுக் குளித்தேன், நன்றாகத்தான் அழுக்கு போகிறது, ஆனால் கை கால் வெள்ளை பூத்து வறண்டுவிட்டது. 60 சதவீதம் தேங்காய் எண்ணெய் என் தோலுக்கு அதிகம்.

அதனால் மூன்றாவது: தேங்காய் எண்ணெய் 200, தவிட்டு எண்ணெய் 250, விளக்கெண்ணெய் 50. காரம் 72, தண்ணீர் 145. மஞ்சளும் இல்லை, வாசனையும் இல்லை. வெளிநாட்டு வீடியோக்களில் தேங்காய் எண்ணெயை முதலில் உருக்கச் சொல்கிறார்கள், சென்னையில் அது என்றைக்கு உறைந்தது? அப்படியே ஊற்றினேன். இந்தத் தடவை கட்டி மெதுவாகத்தான் இறுகியது, இரண்டு நாள் விட்டு வெட்டினேன், ஆறு துண்டும் முழுசாக வந்தன. போன வாரம் மழை பெய்தபோது மேலே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துவிட்டது. திரும்பவும் கெட்டுவிட்டதோ என்று பயந்துபோனேன். சோப்பிலேயே இருக்கிற கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது, அவ்வளவுதான். ஃபேனுக்கு அடியில் மாற்றி வைத்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரே துண்டை எடுத்து நிறுத்துப் பார்க்கிறேன். தண்ணீர் வெளியேற வெளியேற எடை குறையும், குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். வெட்டிய அன்று 119 கிராம், அடுத்த வாரம் 112, இன்றைக்கு 109. அத்தை பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "வாராவாரம் குறையுதே, எலி கிலி கடிக்குதாம்மா?" என்றார்.