டிராக்டருக்கு வாசல் வைத்தோம்

இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆறு வருடம் அடுக்குமாடி வாழ்க்கை. அப்புறம் நகரத்தை விட்டுத் தள்ளி, கொஞ்சம் நிலத்தோடு ஒரு வீடு வாங்கினோம். வீட்டுக்கும் சாலைக்கும் நடுவில் நீளமான மண்பாதை. பனிக்காலத்தில் அந்தப் பாதையை நாமேதான் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் கேபின் வைத்த பெரிய டிராக்டர் ஒன்று வந்து சேர்ந்தது. வீட்டோடு இருந்த கராஜின் கதவு 9 அடி அகலம், 7 அடி உயரம். அது காருக்கான வாசல். டிராக்டருக்குத் தனிக் கொட்டகை போடுவது என்று முடிவானது.

கட்ட வந்தவர் கேட்ட முதல் கேள்வியே கதவின் அளவுதான். டிராக்டரோடு வந்த புத்தகத்தில் உயரம் 8 அடி 9 அங்குலம் என்று இருந்தது. 10 அடிக்கு 10 அடி போதும் என்று சொல்லிவிட்டேன். ஒரு அடிக்கு மேலேயே மிச்சம் இருக்கிறதே!

பக்கத்து நிலத்துப் பெரியவர் காதில் இது விழுந்ததும், மறுநாள் காலையில் டேப்போடு வந்துவிட்டார். புத்தகத்தில் உள்ளது கடையில் நிற்கும் டிராக்டரின் அளவு, உங்கள் வாசலில் நுழையப்போவது வேறு டிராக்டர் என்றார். கேபின் கூரையில் சுழலும் மஞ்சள் விளக்கு இருந்தது. அது மட்டும் 6 அங்குலம். பின்சக்கரங்களின் வெளி விளிம்பு வரை 7 அடி அகலம்தான். ஆனால் பின்னால் மாட்டும் பனி வீசும் கருவி 8 அடி. பனிக்காலம் முழுக்க அதைக் கழற்றவே மாட்டோம் என்றால், டிராக்டரின் அகலம் 8 அடி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து அவர் சொன்னதுதான் பனி தெரியாத நாட்டில் பிறந்த எனக்குத் தானாகத் தோன்றியே இருக்காது. கொட்டகை வாசலுக்கு வெளியே பனி மிதிபட்டு மிதிபட்டுக் கல்லாக இறுகிவிடும். அரை அடி கனம்கூட வரும். நுழையும்போது முன்சக்கரம் உள்ளே வெறும் தரையில் இறங்கியிருக்கும், பின்சக்கரம் இன்னும் அந்தப் பனித்திட்டின் மேலேயே நிற்கும். கேபின் முன்னால் சாய்ந்து, கூரை மேலே எழும்பும். வாசல் உத்திரத்துக்குக் கீழே கேபின் வருவதும் அதே நேரத்தில்தான். கோடையில் தாராளமாக நுழைந்த வண்டி, தை மாதத்தில் விளக்கை உடைத்துக்கொண்டு நிற்கும். அவருடைய பழைய கொட்டகையின் உத்திரத்தில் அப்படி இடித்த தழும்பைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மரத்தில் விரல் நுழையும் ஆழத்துக்கு ஒரு பள்ளம்.

கூட்டிப் பார்த்தேன். 8 அடி 9 அங்குலம், விளக்கு அரை அடி, பனி அரை அடி. 9 அடி 9 அங்குலம் ஆகிவிட்டது. 10 அடி வாசலில் மிச்சம் மூன்றே அங்குலம். உயரத்தை 12 அடியாக மாற்றச் சொன்னேன்.

கதவை உயர்த்தினால் சுவரையும் உயர்த்த வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. மடிப்பு மடிப்பாக மேலே ஏறும் கதவுக்கு, வாசலுக்கு மேலே ஸ்பிரிங்கும் தண்டவாளமும் உட்கார ஏறக்குறைய ஒன்றேகால் அடி வேண்டும். மோட்டார் வைத்தால் இன்னும் கொஞ்சம். அதற்காகவே சுவர் 14 அடி ஆனது. கதவைத் திறந்தால் அது கூரையடியில் படுத்துக்கொள்ளும் என்பதால், அந்த இடத்தில் விளக்கோ பரணோ வைக்க முடியாது. (அந்த ஸ்பிரிங்கில் மட்டும் யாரும் கை வைக்காதீர்கள். முறுக்கேறி நிற்கிறது, விட்டால் எலும்பை முறிக்கும்.)

வாசல் எந்தப் பக்கம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. கூரை சரியும் பக்கத்தில் வைத்தால் கூரைப் பனி மொத்தமும் வாசல் முன்னால் வந்து விழும், கூரையின் பாரமும் அந்த உத்திரத்தின் மேல்தான் இறங்கும். முக்கோணச் சுவர் பக்கம் வைத்தோம்.

அகலத்தை முடிவு செய்தது என் மனைவி. 12 அடி வைத்தால் இருபுறமும் இரண்டிரண்டு அடி கிடைக்கிறதே என்றேன். எனக்கு இரவு வேலை. விடிகாலையில் பனி தள்ளப் போவது அவள்தான். "நேராகப் போனால் சரிங்க. பாதையிலிருந்து திரும்பித்தானே உள்ளே நுழையணும்? இருட்டில், கண்ணாடியில் பனி ஒட்டியிருக்கும்போது எனக்கு இரண்டு அடி போதுமா?" என்று கேட்டாள். இரண்டு மரக்குச்சிகளைத் தரையில் ஊன்றி, 12 அடி விட்டு ஓட்டிப் பார்த்தாள். முதல் தடவையே கருவியின் மூலை குச்சியைச் சாய்த்தது. 14 அடிக்குத் தள்ளி ஊன்றினோம், மூன்று தடவையும் சுத்தமாக நுழைந்தாள். 14 அடி அகலம், 12 அடி உயரம் என்று எழுதிக் கொடுத்தோம். செலவு கூடியதுதான். ஆனால் உத்திரம் ஏறிய பிறகு வாசலை அகலப்படுத்துவது, கொட்டகையைப் பிரித்துக் கட்டுவதற்குச் சமம்.

பக்கத்திலேயே ஆள் நுழைய ஒரு சின்னக் கதவும் வைத்தோம். ஒரு ஸ்பானர் எடுக்கப் பெரிய கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் சூடெல்லாம் போய்விடும்.

முதல் பெரும்பனி கார்த்திகைக் கடைசியில் விழுந்தது. நான் வேலை முடிந்து திரும்பியபோது பாதை சுத்தமாக இருந்தது. கதவடி ரப்பர் தரையோடு உறைந்து ஒட்டியிருந்ததாம். மோட்டாரை அழுத்தாமல் மண்வெட்டி முனையால் மெதுவாகப் பெயர்த்துவிட்டுத் திறந்திருக்கிறாள். டிராக்டர் உள்ளே நின்றது. சக்கரத்திலிருந்து உருகிய தண்ணீர் கான்கிரீட் சரிவில் வாசலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் விளக்கு முழுசாக இருந்தது.