அச்சுக்குப் போகாத 13.50

முன்னாள் பேஸ்பால் பந்துவீச்சாளர் பில் கிரீசன் பற்றிய செய்தியிலிருந்து 13.50 என்ற எண்ணை எடுத்தது நான்தான். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

2024 ஜூன் 20 அன்று அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில், 1910 முதல் இருக்கும் ரிக்வுட் மைதானத்தில், அமெரிக்காவின் முதல்நிலைப் போட்டியான மேஜர் லீக்கின் கார்டினல்ஸ்–ஜயன்ட்ஸ் ஆட்டத்துக்கு முன் மரியாதைக்கான முதல் பந்தை வீசினார் கிரீசன். வயது 99. கறுப்பினத்தவர் தனியாக ஆடிய நீக்ரோ லீக்கில், பிளாக் பாரன்ஸ் அணியில் அவரோடு ஆடிய புகழ்பெற்ற ஆட்டக்காரர் வில்லி மேஸ் இறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

பக்கம் பார்க்கும் சார் ஆட்டக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "மேஜர் லீக்ல மூணு மேட்ச், நாலு இன்னிங்ஸ். ஒன்பது இன்னிங்ஸுக்கு 13.50 ரன் விட்டிருக்காரு, ரொம்ப மோசம். இவருக்கு எதுக்கும்மா பக்கத்துல மூணு காலம் இடம்?"

"கார்டினல்ஸோட முதல் கறுப்பினப் பந்துவீச்சாளர் சார். இரண்டாம் உலகப் போர்ல ஐவோ ஜிமா தீவுல மரைன் படைவீரரா இருந்தவர்."

"அப்ப அதை எழுது. ஆட்டத்தைப் பெரிசாக்காதே."

அநியாயமான பேச்சு இல்லைதான். ஆனால் 1954இல் கிடைத்த நாலு இன்னிங்ஸை வைத்து ஒரு பந்துவீச்சாளரை எடைபோட முடியுமா? 1948 நீக்ரோ உலகத் தொடரில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியை பாரன்ஸ் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். அந்த வெற்றி கிரீசன் பெயரில்தான் இருக்கிறது. கறுப்பர்களை மான்ட்ஃபோர்ட் பாயின்ட் முகாமில் தனியாக வைத்துப் பயிற்சி கொடுத்த படையில் இருந்து போருக்குப் போய் வந்தவர். 13.50 என்று அச்சில் போட்டால் வாசகர் கண் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் எடுத்தேன். இப்போதும் அது சரியென்றே படுகிறது.

ஆனாலும் உறுத்துகிறது. நீக்ரோ லீக் ஆட்டக் கணக்குகளை மேஜர் லீக் தன் ஏட்டில் சேர்த்ததே 2024 மே மாதத்தில்தான். எத்தனையோ பேரின் எண்களை விட்டுவிட்டுத்தான் அவர்களை ஆடாதவர்கள்போல் ஆக்கி வைத்திருந்தார்கள். அதை எழுதிய அதே செய்தியில் நானும் ஓர் எண்ணை விட்டேன். மரியாதைக்காக என்று சொல்லிக்கொள்கிறேன். அப்புறம் தோன்றுகிறது: ஐவோ ஜிமாவைப் பார்த்தவர், 1971 முதல் பெத்தேல் பாப்டிஸ்ட் சபையில் போதகராக இருந்தவர். அவருக்கு என் பாதுகாப்பு எதற்கு?

அடுத்த முறை எண்ணையும் போட்டு, பக்கத்திலேயே வெறும் நாலு இன்னிங்ஸ் என்றும், அதன் காரணத்தையும் எழுதலாம். அதற்கு இடம் வேண்டும். மான்ட்ஃபோர்ட் பாயின்ட்டையோ சபையையோதான் வெட்ட வேண்டியிருக்கும். அதற்கு எனக்கு மனம் வராது.