சாமம் 3 மணி வெளிச்சம்

போன் நோண்டிக்கொண்டு நித்திரை முழிக்கிறான் எண்டுதான் நான் நினைச்சன். மகனுக்கு 15 வயசு, வாற வருசம் ஓ.எல். சோதினை. விடிய எழுப்பினா எழும்பமாட்டான், எழும்பினாலும் மூஞ்சிய தூக்கி வச்சுக்கொண்டு ஒருத்தரோடயும் கதைக்கமாட்டான், கணக்குப் பாடத்தில தூங்கி விழுறான் எண்டு ரீச்சரும் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டா. ஒருநாள் சாமம் 3 மணிபோல தண்ணி குடிக்க எழும்பினா அவன்ர அறைக்குள்ள போன் வெளிச்சம். வாயில வந்ததெல்லாம் பேசி, போனையும் பறிச்சு அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டன். அவன் ஒண்டும் திருப்பிக் கதைக்கேல்ல. அந்த வெளிச்சத்தில அவன் தேடினது முட்டுக்கு (ஆஸ்மாவுக்கு) வாயில அடிக்கிற நீலப் பம்பை எண்டு ரெண்டு கிழமைக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும்.

சின்னனில முட்டு இருந்தவன்தான். எத்தினை தரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி மருந்துப் புகை பிடிப்பிச்சிருப்பம். பத்து வயசுக்குப் பிறகு குறைஞ்சதால, போயிட்டுது எண்டு நாங்களே முடிவெடுத்திட்டம். கார்த்திகை மழைக்குள்ள ஒருநாள் வந்து "அம்மா, பம்ப் முடிஞ்சுது" எண்டான். அதில 200 தரம் அடிக்கலாம், அவசரத்துக்கு எண்டு வாங்கி வச்சது, ஒண்டரை மாசம்கூட ஆகேல்ல. ஏன்டா சொல்லேல்ல எண்டு கேட்டா, "சொன்னா மெச்சுக்கு விடமாட்டீங்கள்" எண்டுறான். அவன் சொன்னதும் சரிதான், விட்டிருக்கமாட்டன்.

கிளினிக்கில விடிய 6 மணிக்கே லைன், எங்கட முறை வரேக்க 11 மணி. டொக்டர் என்னைப் பாக்காம அவனைப் பாத்துத்தான் கேட்டவர், "தம்பி, கிழமையில எத்தினை நாள் சாமத்தில எழும்புறீங்க?" எண்டு. "நாலைஞ்சு" எண்டான். எனக்கு நெஞ்சு திக்கெண்டுது, பக்கத்து அறையில படுத்திருக்கிற எனக்குத் தெரியாது.

டொக்டர் சொன்னது இதுதான்: விடியப்புறம் உடம்புக்குள்ள வீக்கத்தைக் கட்டுப்படுத்துற ஹோர்மோன் குறைஞ்சிருக்கும், மூச்சுக்குழாயும் அந்த நேரம்தான் கூடச் சுருங்கும், அதாலதான் 3 மணி 4 மணிக்கு இருமலும் இழுப்பும். இரவில இப்பிடி எழும்புறான் எண்டாலே வருத்தம் கட்டுக்குள்ள இல்லை எண்டுதான் அர்த்தமாம். நீலம் குழாயைக் கொஞ்ச மணித்தியாலத்துக்கு விரிக்கும், உள்ளுக்குள்ள இருக்கிற வீக்கம் அப்பிடியேதான் இருக்கும். வீக்கத்தைக் குறைக்க மண்ணிறப் பம்ப், முட்டு இருந்தாலும் இல்லாட்டியும் காலை பின்னேரம் ஒவ்வொருநாளும் அடிக்கவேணும், பலன் தெரிய ஒண்டு ரெண்டு கிழமை போகும்.

பிறகு நேர்ஸ் மிஸ் ஒருத்தி அடிச்சுக் காட்டச் சொன்னா. அவ்வளவு நாளும் பிழையாத்தான் அடிச்சிருக்கிறான், அமத்திப்போட்டு டக்கெண்டு இழுக்கிறான், மருந்தெல்லாம் தொண்டையிலதான். பம்பில ஸ்பேசர் எண்ட பிளாஸ்ரிக் குழாயைப் பூட்டி, மெல்ல ஆழமா இழுத்து, பத்து எண்ணும்வரைக்கும் மூச்சைப் பிடிச்சு வச்சிருக்கப் பழக்கினா. மண்ணிறம் அடிச்சா வாய் கொப்பளிக்கவேணும், இல்லாட்டி நாக்கில வெள்ளை படியுமாம்.

வீட்டில அடுத்த சண்டை. மாமி "பம்புக்குப் பழகிப்போவான், ஆடாதோடை அவிச்சுக் குடு" எண்டு நிண்டா. வளர்த்தி நிண்டுடுமோ எண்டு எனக்கும் பயம்தான், டொக்டரிட்டக் கேட்டன், கொஞ்சம் குறைஞ்சாலும் ஒரு சென்டிமீட்டர் மட்டுல, இரவு முழுக்க மூச்சுக்கு அந்தரப்படுறதோட பாக்கேக்க அது பெரிசில்லை எண்டவர்.

அறையைப் பாத்தா பிழை எங்களிலயும்தான். இலவம்பஞ்சுத் தலகாணி, எட்டு வருசப் பழசு. திருகோணமலைப் பக்கம், எங்கட உப்புவெளியில மழைக்காலம் சுவரே வேர்க்கும், அந்த ஈரத்தில தூசிப்பூச்சி பெருகுமாம். கட்டிலுக்குக் கீழ நுளம்புத்திரி வேற, டெங்குப் பயத்தில நானே கொளுத்தி வச்சது! தலகாணிய எறிஞ்சிட்டு, நுளம்புத்திரிய விட்டு வலை கட்டினன், படுக்கை விரிப்பைக் கிழமைக்கு ஒருக்கா சுடுதண்ணியில தோய்க்கிறன்.

மூச்சை எவ்வளவு வேகமா வெளிய விடுறான் எண்டு ஊதிப்பாக்கிற மீற்றர் ஒண்டும் வாங்கினம், எண் கூடினா நல்லம். முதல் கிழமை விடிய 250, பின்னேரம் 360, அவ்வளவு வித்தியாசம். அந்தக் கிழமையும் ரெண்டு சாமம் எழும்பினான், ஆனா இந்த முறை என்னை எழுப்பினான். நீலம் அடிச்சும் குறையாட்டி, ஒரு வசனம் முழுசாக் கதைக்க ஏலாமப் போனா பாத்துக்கொண்டிருக்காம உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னதால ஓட்டோக்கார அண்ணைக்கும் சொல்லி வச்சிருந்தன், தேவைப்படேல்ல. பன்னிரண்டாம் நாளோ என்னவோ, விடிய ஆறரைக்கு நான் போய்த் தட்டும்வரைக்கும் படுத்தவன். வாய் பிளந்து கிடந்தவனைப் பாத்து எழுப்ப மனம் வரேல்ல, அண்டைக்குப் பள்ளிக்கூட பஸ்ஸும் போயிட்டுது.

போனைத் திருப்பிக் குடுத்திட்டன். மன்னிப்பும் கேட்டன், அவனுக்குத்தான் வெக்கம்.

தை மாசக் கிளினிக்குக்கு அவன் மீற்றர் எண்ணை எழுதுற கொப்பியைக் கொண்டுபோனா கடைசிக் கிழமை முழுக்க 380, 380, 380 எண்டு ஒரே பேனையில எழுதியிருக்கு. டொக்டர் ஒண்டும் சொல்லாம மீற்றரை எடுத்துக் குடுத்து ஊதச் சொன்னவர். 345.