வான்மிளிர்வில் நகர்ந்த வரிகள்

நிலவில்லாத ஓர் இரவில் முப்பது நொடித் திறப்பு நேரம் வைத்துத் தொடர்ச்சியாக எடுத்த படங்களை ஓடவிட்டுப் பார்த்தபோது, அடிவானத்திலிருந்து மேலேறி வந்த மங்கலான பச்சை வரிகளை மெல்லிய மேகம் என்றே எண்ணி, அந்தத் தொகுப்பு முழுவதையும் அழிக்கவிருந்தேன். மேகம் என்றால் அது கடக்கும் இடத்தில் விண்மீன்கள் மங்க வேண்டும். இங்கே அவை சிறிதும் மங்கவில்லை.

அது வான்மிளிர்வு. பகலில் சூரியனின் புறஊதாக் கதிர்கள் பிளந்துவைத்த ஆக்சிஜன் அணுக்கள் இரவில் மீண்டும் இணையும்போது, சுமார் 97 கி.மீ. உயரத்தில் 557.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி பிறக்கிறது. அந்த அடுக்கை ஓர் அலை கடக்கையில் காற்று ஏறி இறங்குகிறது, வெப்பநிலையும் அடர்த்தியும் மாறுகின்றன, அதற்கேற்ப ஒளி கூடிக் குறைகிறது.

இவற்றின் பெயர் ஈர்ப்பு அலைகள். கருந்துளைகள் மோதும்போது எழும் ஈர்ப்பலைகளோடு குழப்பிக்கொள்வதற்கென்றே வைத்த பெயர் போலிருக்கிறது; மிதப்பு அலைகள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மலைமீது மோதும் காற்றோ இடிமேகமோ மேலே தள்ளிய காற்று, சுற்றியுள்ளதைவிடக் கனமாகிக் கீழே விழுந்து, மிகையாக இறங்கி, மறுபடி எழும்புவதே இதன் அடிப்படை. 90 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதைப் போல மூன்று லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், ஆற்றலை இழக்காமல் மேலேறும் அலையின் வீச்சு பல நூறு மடங்கு பெருக வேண்டும். அந்த அளவை எட்டுமுன்பே பெரும்பாலானவை உடைந்து, தம் உந்தத்தை அங்குள்ள காற்றோட்டத்திடம் விட்டுவிடுகின்றன. துருவப் பகுதியில் அந்த உயரம் குளிர்காலத்தைவிடக் கோடையில் குளிர்ந்திருப்பதற்கு இந்த உந்தமே காரணம்.

என் படங்களுக்கு வருகிறேன். விண்மீன்களின் இடத்தைக் கொண்டு கோணங்களைக் கணித்து, உயரத்தை 97 கி.மீ. என்று கொண்டதில், வரிகளுக்கிடையே சுமார் 25 கி.மீ. இடைவெளி கிடைத்தது, ஒரு வரி நின்ற இடத்துக்கு அடுத்த வரி வந்துசேரப் பத்து நிமிடம் ஆயிற்று. நொடிக்கு ஏறக்குறைய 42 மீட்டர் வேகம், அலைவுக்காலம் 10 நிமிடம் என்று மகிழ்ச்சியோடு குறித்துவைத்தேன். அது தவறு. அலையைச் சுமக்கும் காற்றும் நகர்கிறது. அலை செல்லும் திசையிலேயே நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் காற்று வீசியிருந்தால் உண்மையான அலைவுக்காலம் சுமார் 19 நிமிடம். எதிர்த்து வீசியிருந்தால் 7 நிமிடத்துக்கும் குறைவு. அந்த உயரத்தின் காற்றை அளக்க விண்கற்களின் தடங்களைப் பின்தொடரும் ரேடார் போன்ற கருவி வேண்டும். தனியொரு கேமராவால் அது இயலாது.

வேறு கருவிகளுக்கும் இத்தகைய எல்லைகள் உண்டு. இரண்டு அதிர்வெண்களில் வரும் ஜிபிஎஸ் சமிக்ஞைகளின் தாமத வேறுபாடு, மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த மேல் வளிமண்டலப் பகுதியான அயனி மண்டலத்தின் எலக்ட்ரான் அளவைக் காட்டும். 2022 ஜனவரி 15 அன்று டோங்கா எரிமலை வெடித்தபோது உலகைச் சுற்றிவந்த அலைகள் அதில் பதிவாயின. ஆனால் அம்முறை செயற்கைக்கோள் முதல் தரைவரை உள்ள பாதை முழுவதையும் கூட்டித் தருவதால், அலை எந்த உயரத்தில் இருந்தது என்பதை நேரடியாகச் சொல்லாது.

என் குறிப்பேட்டில் ‘அலைவுக்காலம்’ என்றிருந்த இடங்களில் இப்போது ‘தரையிலிருந்து தோன்றும் அலைவுக்காலம்’ என்று திருத்தியிருக்கிறேன்.