கிளிக் செய்தால் நிமிரும் படங்கள்: இதுவரை வந்த தூரம்

பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து முடித்தபோது 43 ஃபைல்கள் சேர்ந்திருந்தன. பாதி படங்கள் படுத்துக் கிடந்தன, நாலைந்து தலைகீழ். ஒவ்வொன்றையும் திறந்து நிமிர்த்திச் சேமிக்கப் பொறுமை இல்லை. எல்லாவற்றையும் ஒரே வலைப்பக்கத்தில் அடுக்கிவிட்டு, கிளிக் செய்தால் படம் கால் சுற்று திரும்புகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் (பிரவுசரில் ஓடும் சிறு நிரல்) எழுதினால் என்ன என்று தோன்றியது. பொறுமையை மிச்சம் பிடிக்கப் போய் அதைவிட அதிகமாகச் செலவழித்தாயிற்று என்பது வேறு கதை.

முதல் நாள் சுலபமாகத்தான் போனது. பக்கத்தின் தோற்ற விதிகளை எழுதும் ஸ்டைல்ஷீட்டில் ஒரு கிளாஸ் (பெயர் வைத்த விதித்தொகுப்பு), அதற்குள் உருவத்தைத் திருப்பவும் பெரிதாக்கவும் உதவும் டிரான்ஸ்ஃபார்ம், அதில் ரொட்டேட் 90 டிகிரி. கிளிக் வந்ததும் கிளாஸ்லிஸ்ட்டில் டாகிள், அதாவது கிளாஸ் இல்லையென்றால் மாட்டும், இருந்தால் கழற்றும். பத்து வரிகூட இல்லை. படம் திரும்பும்போது வழுக்கிக்கொண்டு போனது, ஆனால் மறுபடி கிளிக் செய்தால் வெடுக்கென்று பழைய இடத்துக்கு வந்து நின்றது. மாற்றத்தை மெல்ல வழுக்க வைக்கும் டிரான்சிஷன் வரியைப் புதிய கிளாஸுக்குள் வைத்திருந்தேன். கிளாஸ் கழன்றதும் அந்த வரியும் சேர்ந்து கழன்றுவிடுகிறது. படத்தின் அடிப்படை விதிக்கு அதை மாற்றியதும் இரண்டு பக்கமும் சீரானது.

டாகிளுக்கு இரண்டு நிலைதான் தெரியும். தலைகீழ்ப் படத்துக்கு நான்கு நிலைகள் வேண்டும். சரி, கோணத்தை ஒரு எண்ணாக வைத்து, கிளிக்குக்கு 90 கூட்டலாம் என்று மாற்றினேன். 360 வந்தால் திரும்ப 0 ஆக்க வேண்டும் அல்லவா? அப்படித்தான் நினைத்து 360-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டேன். மூன்று கிளிக் வரை அழகாகப் போனது. நான்காவதில் படம் கிறுகிறுவென்று எதிர்ப்பக்கம் முக்கால் சுற்று சுற்றி வந்து நின்றது. பிரவுசரைக் குற்றம் சொல்ல முடியாது. 270-இலிருந்து 0-வுக்குப் போ என்றால் எண்கள் இறங்குகிற வழியில்தான் போகும். மீதி எடுக்கிற வரியை அழித்துவிட்டேன். இப்போது கோணம் 360, 450, 540 என்று ஏறிக்கொண்டே இருக்கிறது, படம் எப்போதும் வலப்பக்கமே திரும்புகிறது.

அந்த எண்ணை எங்கே வைப்பது என்பதில்தான் ஒரு மாலை முழுவதும் போயிற்று. திரையில் இருப்பதையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று கெட்கம்ப்யூட்டட்ஸ்டைலைக் கேட்டால், 90 டிகிரி என்று சொல்லாமல் மேட்ரிக்ஸ் என்று போட்டு 0, 1, -1, 0, 0, 0 என ஆறு எண்களைத் தருகிறது. முதல் இரண்டு எண்களை ஆர்க்டேஞ்சன்ட்டில் (டேஞ்சன்ட்டின் தலைகீழ்க் கணக்கு) போட்டால் கோணம் கிடைக்கும். பள்ளிக் கணக்கு உதவிவிட்டது என்று மகிழ்ச்சிதான். ஆனால் 450 டிகிரிக்கும் அதே ஆறு எண்கள்தான். 270-ஐக் கேட்டால் -90 என்கிறது. எத்தனை சுற்று சுற்றியது என்பது மேட்ரிக்ஸுக்குள் இல்லவே இல்லை. இதைவிட மோசம், படம் திரும்பிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கிளிக் செய்தால் அந்த நொடியின் கோணம்தான் கிடைக்கும். 37 டிகிரியில் பிடித்தால் அதனுடன் 90 சேர்ந்து 127. ஆணியில் சாய்ந்து தொங்கும் படம் போல அப்படியே நின்றுவிட்டது. அன்றோடு திரையைக் கேட்பதை விட்டேன். ஒவ்வொரு படத்திலும் டேட்டா-கோணம் என்று ஒரு பண்பு வைத்து, கணக்கை அதில் எழுதிவிட்டுத் திரைக்கு அனுப்புகிறேன். இப்போது எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் நேராகத்தான் நிற்கிறது.

அடுத்த தொந்தரவு இடம். 600-க்கு 400 பிக்சல் படத்தைத் திருப்பினால் மேலேயும் கீழேயும் 100 பிக்சல் நீட்டிக்கொண்டு பக்கத்துப் படங்களின் மேல் ஏறிவிடுகிறது, இடமும் வலமும் அதே 100 பிக்சல் வெறுமையாகக் கிடக்கிறது. பக்கத்தில் அதற்கு ஒதுக்கிய இடம் திரும்புவதே இல்லை, வரைந்து காட்டும் உருவம் மட்டும்தான் திரும்புகிறது. அளந்து பார்த்தாலும் இரண்டு பதில்: ஒதுக்கிய இடத்தின் அகலத்தைச் சொல்லும் ஆஃப்செட்விட்த் இன்னமும் 600 என்று சாதிக்கும், திரையில் தெரிவதை அளக்கும் பவுண்டிங் கிளையன்ட் ரெக்ட் 400 என்று சொல்லும். அதையே 45 டிகிரியில் நிறுத்தி அளந்தால் இருபக்கமும் 707. அது சாய்ந்த படத்தைச் சுற்றி வரைந்த நேரான சட்டத்தின் அளவு. படுக்கும்போது படத்தை மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்கிப் பார்த்தேன். பொருந்துகிறது, ஆனால் கிளிக்குக்குக் கிளிக் சுருங்கி விரிவது கண்ணை உறுத்தியது. ஒவ்வொரு படத்துக்கும் 600-க்கு 600 சதுரப் பெட்டி கொடுத்துவிட்டேன். இடம் வீண்தான், போகட்டும்.

இடையில் மவுஸ் மேலே வந்தால் படம் சற்றுப் பெரிதாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஸ்கிரிப்ட் எழுதும் டிரான்ஸ்ஃபார்ம், ஸ்டைல்ஷீட்டின் டிரான்ஸ்ஃபார்மை அமுக்கிவிடுகிறது. ரொட்டேட், ஸ்கேல் இரண்டையும் தனித்தனிப் பண்புகளாகவே எழுதலாம் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. 2022-இல் குரோமிலும் வந்துவிட்டதால் தைரியமாகப் பயன்படுத்தலாம். டிரான்சிஷன் வரியிலும் பெயரை மாற்ற வேண்டும். நான் மறந்தேன், வழுக்கல் போய் வெடுக் திரும்பி வந்தது.

படத்தின் கீழே குறிப்பைத் திறக்கும் சின்ன அம்புக்குறி அரை மணி நேரம் தின்றது. தலைப்பு வரியில் இருக்கும் அம்பு திரும்புகிறது, படத்தின் கீழே இருப்பது அசையவே இல்லை. பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில் ஒன்றும் கிடையாது. இரண்டும் ஒரே ஸ்பான் (வரிக்குள் எழுத்தைப் பொதியும் குறி), ஒரே கிளாஸ். இன்லைனாக, அதாவது வரியோடு வரியாக ஓடும் எழுத்துக்கு டிரான்ஸ்ஃபார்ம் செல்லாது. தலைப்பு வரி ஃப்ளெக்ஸ் (உள்ளிருப்பவற்றைப் பெட்டிகளாக அடுக்கும் முறை) என்பதால் அங்கே இருந்த ஸ்பான் தானாகவே பெட்டியாகிவிட்டிருந்தது. இன்லைன்-பிளாக் என்று ஒரு சொல் சேர்த்ததும் தீர்ந்தது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பல போட்டோக்களின் முதுகில் பேனாவால் ஏதேதோ எழுதியிருக்கிறது, அதையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். படத்தைப் புரட்டிப் பார்க்க முடிந்தால் எப்படி இருக்கும்! ஓர் அட்டையில் இரண்டு முகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பின்முகத்துக்கு முன்கூட்டியே ரொட்டேட்ஒய் 180 (நிற்கும் அச்சில் அரைச் சுற்று), இரண்டுக்கும் முதுகு தெரிந்தால் மறைக்கும் பேக்ஃபேஸ் விசிபிலிட்டி ஹிடன், அட்டைக்கு முகங்களைத் தட்டையாக்காமல் வைக்கும் பிரிசர்வ்-3டி, வெளிப் பெட்டிக்கு ஆழம் தெரிய 1000 பிக்சல் பெர்ஸ்பெக்டிவ். புரட்டினேன். எழுத்து வரவில்லை, முன்படமே கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி நின்றது. மூலைகளை வட்டமாக்க அட்டையில் ஓவர்ஃப்ளோ ஹிடன் (வெளியே நீள்வதை வெட்டுவது) போட்டிருந்தேன், அது இருந்தால் 3டி தட்டையாகிவிடும். அதை முகங்களுக்கு இறக்கியதும் பின்பக்கத்துக் கையெழுத்து வந்தது. அன்று இரவு புரட்டிப் புரட்டிப் படித்ததில் வேறு வேலை ஓடவில்லை.

புரட்டுவதற்கு மூலையில் தனி பட்டன். வெறும் பெட்டியான டிவ் வைக்காமல் பட்டன் என்றே வைத்ததால் எண்டர் தட்டினாலும் புரள்கிறது. முதலில் அதை அழுத்தினால் படம் புரண்டுகொண்டே திரும்பவும் செய்தது, கிளிக் மேலேறி அட்டைக்கும் போய்ச் சேர்ந்ததால். ஸ்டாப்ப்ராப்பகேஷன் போட்டுத் தடுத்தேன்.

பின்பக்கத்தில் கிளிக் செய்தபோதுதான் பெரிய வேடிக்கை. எழுத்து இடப்பக்கமாகத் திரும்பியது! தனிப் பண்பான ரொட்டேட் எப்போதும் டிரான்ஸ்ஃபார்முக்கு வெளியே நின்று வேலை செய்யும். அதனால் பின்முகம் அட்டையின் முன்பக்கத்திலிருந்து பார்த்தால்தான் வலமாகச் சுற்றும். நாமோ பின்னால் நின்று பார்க்கிறோம். கண்ணாடிக் கடிகாரத்தை முதுகுப்புறத்திலிருந்து பார்ப்பது போல. புரட்டுவது முகத்தின் வேலை, சுற்றுவது அதற்குள் இருக்கும் படத்தின் வேலை என்று பிரித்துக் கொடுத்ததும் இரண்டு பக்கமும் வலமே.

கடைசியாக, பக்கத்தை மூடித் திறந்தால் எல்லாப் படமும் மறுபடி படுத்துக்கொண்டன. கோணங்களை பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல்ஸ்டோரேஜில் எழுதி வைக்கிறேன். 1170 என்றெல்லாம் சேமிப்பானேன் என்று, அன்று அழித்த மீதி எடுக்கும் வரியை இங்கே திரும்பக் கொண்டுவந்தேன். கணினி அமைப்பில் அசைவைக் குறைக்கச் சொல்லி வைத்திருப்பவர்களுக்கு டிரான்சிஷனை நீக்கும் மீடியா வினவலும் சேர்த்தாயிற்று. ஒன்றுதான் பாக்கி. பக்கம் வரைந்து முடித்த பிறகே சேமித்த கோணங்கள் வந்து சேர்வதால், திறந்தவுடன் படுத்துக் கிடந்த அத்தனை படங்களும் ஒரே நேரத்தில் சோம்பல் முறித்து எழுந்து நிற்கின்றன. பிழைதான், திருத்தத் தெரியும். திருத்தவில்லை.