கடல்மட்டத்தில் தொடங்கும் மலை: லிங்கனில் ஸ்கீ வழிகாட்டி வேலை

நார்வேயின் வடக்கே, ட்ரொம்சோ நகரத்துக்குக் கிழக்கே கிடக்கிறது லிங்கன் ஆல்ப்ஸ். மேற்கே உல்ஸ்ஃபியோர்டு, கிழக்கே லிங்கன்ஃபியோர்டு என்று மலைகளுக்கிடையே நுழையும் இரண்டு கடல் நீட்சிகள், நடுவில் சுமார் 90 கி.மீ. நீளத்துக்கு மலை. மிக உயர்ந்த சிகரமான யெஹ்கெவாரியே 1,834 மீட்டர்தான். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "நாங்கள் ஆல்ப்ஸில் 3,000 மீட்டரில் சறுக்கியவர்கள்" என்று அலட்சியமாக வந்து இறங்குகிறவர்கள் உண்டு. அங்கே பாதி உயரத்துக்குக் கேபிள் காரே தூக்கிக்கொண்டு போய்விடும். இங்கே பாசி படிந்த கல்லில் கால் வைக்கும்போது உயரம் பூஜ்யம். இந்த மலைத்தொடரின் வடக்கு நுனிக்கு அருகிலுள்ள ஸ்டோர்கால்டென் சிகரம் 1,219 மீட்டர் என்றால் அந்த 1,219 மீட்டரையும் காலால்தான் ஏற வேண்டும்.

உயரம்கூடப் பெரிய விஷயமில்லை. கரையில் மழை, 300 மீட்டரில் பிர்ச் புதர்களுக்குள் ஈரப்பனி, 700 மீட்டரில் காற்று அடித்துக் கெட்டியாக்கிய பலகைப் பனி, உச்சியில் நீலப் பனிக்கட்டி என்று நான்கு விதமான தரையை ஒரே காலையில் கடக்க வேண்டும். கரையில் நின்றுகொண்டு மேலே பனி எப்படி இருக்கும் என்று ஊகிப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. ஏறுவது மீதி.

ஊகம் முந்தைய நாள் மாலையே தொடங்கிவிடும். நார்வேயின் நீர்வள, எரிசக்தி இயக்குநரகம் நடத்தும் வார்சோம் சேவை, குளிர்காலம் முழுக்கத் தினமும் மாலை 4 மணிவாக்கில் பனிச்சரிவு எச்சரிக்கையை வெளியிடுகிறது. லிங்கனுக்குத் தனி அறிக்கை உண்டு. 1 முதல் 5 வரையிலான அபாய எண்ணைத்தான் விருந்தினர்கள் முதலில் கேட்பார்கள். வழிகாட்டிக்கு அந்த எண் தலைப்பு மட்டுமே. செய்தி அதற்குக் கீழே இருக்கிறது. எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேல், என்ன வகைச் சிக்கல்? காற்று குவித்த புதுப்பனி என்றால் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் அடங்கும். கீழே புதைந்த பலவீன அடுக்கு என்றால் வாரக்கணக்கில் காத்திருக்கும். கடலோர மலைகளில் இது அடிக்கடி உருவாகும்: மழை பெய்து உறைந்து மேலோடாகிறது, பிறகு கடுங்குளிர் வருகிறது, மேலோட்டை ஒட்டிய பனி சர்க்கரை மாதிரிப் பொலபொலத்துப் போகிறது, அதன் மேல் புதுப்பனி விழுந்து மூடிவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. 2012 மார்ச் 19 அன்று இந்த வட்டாரத்தின் சோர்ப்மெகாய்சா மலையில் ஒரே பனிச்சரிவில் ஐந்து ஸ்கீ பயணிகள் இறந்தார்கள். இங்கே வேலை செய்கிறவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சாதாரணமாக உச்சரிப்பதில்லை.

வழிகாட்டியும் விருந்தினர்களும் தங்கிப் பயணிக்கும் படகின் அருமை இங்கேதான் தெரிகிறது. பலர் அதை மிதக்கும் விடுதியாக நினைக்கிறார்கள். உண்மையில் அது மலையை மாற்றிக்கொள்ளும் கருவி. மேற்குக் காற்று இரண்டு நாள் அடித்துக் கிழக்குச் சரிவுகளில் பனியைக் குவித்திருந்தால், இரவோடு இரவாக லிங்கன்ஃபியோர்டைக் கடந்து கோகன் தீவுக்கோ உலோயாவுக்கோ போய், வேறு முகம் காட்டும் சரிவைத் தேர்ந்தெடுக்கலாம். காரில் சுற்றுகிறவர்களுக்கு ஃபெரி நேரமும் சாலை மூடலும் கழுத்தில் தொங்கும். ஆனால் படகிலும் ஒரு பொறி இருக்கிறது. ஓட்டுநர் நங்கூரம் போட வசதியான விரிகுடாவைச் சொல்வார், சமையல்காரர் சாப்பாட்டு நேரத்தைச் சொல்வார். மெல்ல மெல்ல மலையை அவர்கள் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். முதலில் சரிவு, அப்புறம் நங்கூரம் என்று முதல் நாளே பேசிக்கொள்வது நல்லது.

நேரக் கணக்குக்கு ஸ்விஸ் வழிகாட்டி வெர்னர் முண்டரின் சூத்திரம் போதும். கிலோமீட்டரில் தூரம், நூறு மீட்டருக்கு ஒன்றாக ஏற்றம், இரண்டையும் கூட்டி நான்கால் வகுக்க வேண்டும். 4 கி.மீ. தூரமும் 1,200 மீட்டர் ஏற்றமும் என்றால் 4 + 12 = 16; நான்கு மணி நேரம். ஓய்வு தனி. ஏப்ரலில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் "அவசரமே இல்லையே" என்பார்கள். வெளிச்சம் இருக்கும், உறைந்த பனி இருக்காது. வெயில் ஏறும் நாளில் தெற்குச் சரிவு மதியத்துக்குள் கஞ்சியாகிவிடும்.

கரையிறங்குவதுதான் நாளின் மிக அசிங்கமான பத்து நிமிடம். ரப்பர் படகில் ஸ்கீயின் எஃகு விளிம்பு உரசினால் குழாய் கிழியும். அதனால் இரண்டையும் அடியோடு அடி சேர்த்துக் கட்டி, நடுவில் படுக்கவைக்க வேண்டும். கடல்நீர் 4, 5 டிகிரிதான். ஸ்கீ பூட்ஸோடு விழுந்தவரால் நீந்த முடியாது, ஆகவே மிதவை அங்கியைக் கரையேறிய பிறகே கழற்றவேண்டும், படகில் எழுந்து நிற்கும்போது அல்ல. கடல் ஓதம் இறங்கியிருந்தால் உப்புப் பனி பூசிய கற்கள் வெளியே கிடக்கும். அதில் பிளாஸ்டிக் அடிப்பூட்ஸ் நிற்கவே நிற்காது. மாற்றுக் காலணி, மிதவை அங்கி எல்லாவற்றையும் பாசிக்கோட்டுக்கு மேலே, கல் வைத்து விட்டுப் போகவேண்டும். ஓத வேறுபாடு சில நாட்களில் இரண்டரை மீட்டரைத் தாண்டும். காலையில் காய்ந்திருந்த இடம் மாலையில் கடல்.

ஏறும்போது பின்னால் வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் ஸ்கின் பட்டைகளைக் கரையில் ஒட்டக் கூடாது. படகின் வெதுவெதுப்பான அறையில், காய்ந்த ஸ்கீயில் ஒட்டிவிட்டு இறங்கினால் பசை பிடித்துக்கொள்ளும். ஈரப்பனியில் நனைந்த பட்டை, 500 மீட்டருக்கு மேலே குளிர்ந்த தூள்பனியைத் தொட்டதும் உருண்டை உருண்டையாகப் பனி ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ கனக்கும். ஈரம் ஏறும் முன்பே மெழுகு தேய்த்திருந்தால் இது நடக்காது. நடந்த பிறகு தேய்ப்பதால் பயன் குறைவு. பசையே விட்டுவிட்டால், ஸ்கீயின் விளிம்பில் பட்டையை இழுத்துப் பனித்துகளைச் சுரண்டி, சட்டைக்குள் ஐந்து நிமிடம் வைத்துச் சூடாக்கி, மறுபடி ஒட்டி, நடுவிலும் வாலிலும் ரப்பர் வார் போட வேண்டும். இந்த வார் பையில் இல்லாத வழிகாட்டியை நம்பாதீர்கள்.

ஆபத்தில் இதைவிடப் பெரியது பைண்டிங்கின், அதாவது பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் கருவியின், முன்பகுதி. விரல்முனை ஊசிகளுக்குக் கீழே, ஸ்பிரிங் மடங்கும் பள்ளத்தில் பனி இறுகிவிட்டால் பூட்டு முழுதாக மூடாது. மூடியது போலவே இருக்கும். இறக்கத்தில் முதல் அழுத்தத்தில் பூட்ஸ் கழன்றுவிடும். கழியின் முனையால் அந்தப் பள்ளத்தைக் குத்திச் சுத்தம் செய்துவிட்டு, பூட்ஸை மாட்டி, குதிகாலைப் பூட்டும் முன் காலைப் பத்துமுறை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

புறப்படும்போது ட்ரான்ஸீவர் சோதனை. 457 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் இந்தக் கருவி, பனியில் புதைந்தவரைத் தேடும் ஒரே வேகமான வழி. முதலில் எல்லோரும் தேடும் நிலை, வழிகாட்டி மட்டும் அனுப்பும் நிலை. பிறகு வழிகாட்டி தேடும் நிலைக்கும் மற்ற எல்லோரும் அனுப்பும் நிலைக்கும் மாறி, பத்து மீட்டர் இடைவெளியில் ஒவ்வொருவராக வழிகாட்டியைக் கடந்து போகவேண்டும். கைபேசி, சூடேற்றும் கையுறை, காந்தப் பொத்தான் எல்லாம் கருவியிலிருந்து 20 செ.மீ. தள்ளி, தேடும்போது 50 செ.மீ. சிலர் இதைச் சடங்கு என்று முனகுவார்கள். கணக்கு எளிது: 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்படுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அரை மணி நேரம் ஆனால் மூவரில் ஒருவர். நார்வேயின் மருத்துவ அவசர எண்ணான 113-ஐ அழைத்து ஹெலிகாப்டர் வந்துசேரும் முன் அந்தப் பத்து நிமிடம் போயிருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் புதைந்தவரை எடுக்க ஒரு டன் பனியையாவது அள்ள வேண்டும், அதைச் செய்யப் போவது பக்கத்தில் நிற்கும் ஐந்து பேர்தான். அதனால் மண்வாரி உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் மண்வாரி இறுகிய பனிச்சரிவில் உடையும்.

மேலே ஏறும்போது 30 டிகிரிக்குக் கீழேயே பாதை போட்டுக்கொண்டு போனாலும் கண் தலைக்கு மேலே இருக்க வேண்டும். நிற்கும் இடம் தட்டையாக இருந்து பயனில்லை. மேலேயுள்ள 38 டிகிரிச் சரிவை அடியிலிருந்தே கிளப்பிவிட முடியும். காலடியில் 'வ்வூம்' என்று பனி அமுங்கும் சத்தம் கேட்டால் அன்றைய விவாதம் முடிந்தது. கஷ்டமானது சத்தம் கேட்காத நாள்: வானம் தெளிவு, உச்சி 150 மீட்டர் தூரத்தில், விருந்தினர்கள் ஆறு பேரும் கேமராவை எடுத்துவிட்டார்கள், கடைசிச் சரிவின் தோளில் மட்டும் காற்று புதுப்பனியைத் தட்டி மெத்தை போட்டிருக்கிறது. திரும்பும் இடத்தைக் காலை உணவின்போதே சொல்லிவைத்தால் அங்கே வாதம் வராது. சொல்லாமல் வந்து அங்கே முடிவெடுப்பவரிடம் ஆறு பேரும் பேரம் பேசுவார்கள், ஏனென்றால் பணம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பேரத்தில் சில சமயம் வழிகாட்டி தோற்றுவிடுவார் என்பதும் தெரிந்ததுதான்.

திரும்பி வந்ததும் பைண்டிங்கையும் ஸ்கீ விளிம்பையும் நன்னீரால் கழுவ வேண்டும்; உப்பு இரண்டே நாளில் துருவைக் கொண்டுவரும். ஸ்கின்னை அடுப்புக்கு நேரே மேலே தொங்கவிட்டால் பசை உருகிவிடும், ஆகவே அறை நடுவில் கயிறு கட்டவும். பூட்ஸின் உள்லைனரைக் கழற்றித் தனியே காயவைக்கச் சொன்னால் ஆறு பேரில் ஒருவராவது செய்ய மாட்டார். யார் என்று மறுநாள் முதல் ஓய்விலேயே தெரிந்துவிடும்.